சுரைக்காய்க்கு நீ சொன்ன விலை

அன்புள்ள செல்வின்,

நீ எதிர்பார்க்கிற பதில் இந்தக் கடிதத்தில் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கு வருகிற பிள்ளை நீ. இதையும் அப்படிப் புரட்டிப் பார்க்காதே. ஞானமுத்து வீட்டுக்குப் போனேன், சாராளைப் பெண் கேட்டேன். அவர்கள் சரி என்று சொல்லவில்லை. இல்லை என்று முடித்துவிடவும் இல்லை. இடையில் நடந்ததை ஒழுங்காகப் படித்தால்தான் நீ இனிமேல் செய்ய வேண்டியது என்ன என்று உனக்குப் புரியும்.

அங்கே போய்விட்டு வந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இன்லண்ட் லெட்டரில் எழுத ஆரம்பித்து, இடம் போதாமல் கிழித்துப் போட்டுவிட்டு, பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாளில் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாலு வரி எழுதுவதற்குள் எழுந்து அடுப்படிக்குப் போகிறேன், எதற்கு வந்தோம் என்று மறந்து திரும்பி வருகிறேன். வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுத்து முடித்ததும் மறுபடி முதலிலிருந்து எடுத்திருக்கிறேன். பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபடியும் பிரசன்ட் சொல்லியிருக்கிறார்கள். உன் அப்பா மண்டிக்குக் கிளம்பும்போது, "ஏட்டி, நடந்து நடந்து தரையத் தேச்சிராத, சிமெண்டு விலை கூடிப்போச்சு" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவருக்கு எல்லாமே கேலிதான். ஆனால் இந்தத் தடவை அவர் கேலியாக ஆரம்பித்த ஒரு யோசனைதான் என்னை உட்காரவிடாமல் அடிக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

உனக்கும் எனக்கும் சாராளுக்கும் பொதுவாக ஒரு புத்தகம் உண்டு, நான் வருஷக்கணக்காக நான்-டீடெயிலாக நடத்திய அந்தப் பழைய இங்கிலீஷ் நாவல். நீ அதை வகுப்பில் படிக்கவில்லை, நான் வீட்டில் பாடம் தயாரிக்கும்போது கேட்டுக் கேட்டே உனக்குப் பாடமாகிவிட்டது. ஆற்றங்கரையில் ஒரு மாளிகை, அதற்கு ஒரே வாரிசு. அந்த ஆற்றில் ஓடம் விடுகிறவனுக்கு ஒரு மகள். வாரிசுக்கு அக்கரையில் ஒரு வேலையும் இருக்காது, ஆனாலும் தினமும் ஆற்றைக் கடப்பான். அவள் துடுப்புப் போடுவாள், அவன் பார்த்துக்கொண்டிருப்பான். விஷயம் தெரிந்ததும் மாளிகைச் சீமாட்டி குதிப்பாள். ஓடக்காரன் மகளை வீட்டுக்கு வரவழைத்து, கொல்லைப்புற வாசல் வழியாக உள்ளே கூட்டி வரச் சொல்வாள். அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு அழுகை வந்துவிடும். "அம்மா அழுதாச்சு, அப்ப ஏழாவது சாப்டர்" என்று நீ கணக்கு நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொல்வாய். கடைசியில் என்ன ஆகும் என்பதும் உனக்குத் தெரியும். கதையில் அதுவரை தலைகாட்டாத ஒரு பெரியப்பா, ஓடக்காரனின் அண்ணன், எங்கோ ஒரு தீவில் செத்துப்போவார். அவருடைய கரும்புத் தோட்டமெல்லாம் ஓடக்காரன் பெயருக்கு வரும். சீமாட்டி முன்வாசல் வரை ஓடிவந்து மருமகளைக் கட்டிக்கொள்வாள், கோயில் மணி அடிக்கும், கதை முடிந்துவிடும்.

இந்த முடிவை நான் எத்தனையோ பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன். எல்லாரும் பெருமூச்சு விட்டுப் புத்தகத்தை மூடுவார்கள். சாராள் ஒருத்திதான் பெஞ்சிலிருந்து எழுந்து, "டீச்சர், அந்தப் பெரியப்பா சாகலன்னா என்ன ஆகும்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். "சாகலன்னா நாவல் முடியாது, உக்காரு" என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள், ஆனால் பதில் கிடைத்த முகமாக அது இல்லை. அன்றைக்கு நீ காலேஜ் லீவுக்கு வந்திருந்தாய். சாப்பிடும்போது இதைத் தமாஷாகச் சொன்னேன். நீ சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, "யாரும்மா அந்தப் பிள்ள?" என்று கேட்டாய். தறி நெய்கிற ஞானமுத்துவின் மகள், கோயில் கொயரில் பாடும், இரண்டாவது வரிசையில் நிற்குமே என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீயாகப் போய் கொயரில் சேர்ந்தாய். எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். உன் குரலுக்கு யாரும் தானாகக் கொயரில் சேரமாட்டார்கள்.

உனக்கு நான் சரியாகச் சொல்லாத ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். நான் இந்த வீட்டுக்கு வந்ததும் ஒரு நாவல் கதை மாதிரிதான். வாத்தியார் மகள், பருத்தி மண்டி வீட்டுக்கு மருமகளாக வந்தேன். உன் தாத்தா ஒரு பொட்டு நகை கேட்கவில்லை. பாளையங்கோட்டையில் எங்கள் சபையே அதைப் பற்றிப் பேசியது. வந்த பிறகுதான் தெரிந்தது, ஒன்றும் வாங்காமல் கட்டிக்கொண்டு வந்ததற்கும் ஒரு விலை உண்டு என்பது. என் மாமியார் கெட்டவர் இல்லை, என் தட்டில் ஈரல் துண்டை எடுத்து வைப்பவர். வைத்துக்கொண்டே வந்திருக்கிறவர்களிடம், "இவள நாங்க ஒண்ணுமே வாங்காமத்தான் கெட்டுனோம்" என்பார். அன்பாகத்தான் சொல்வார். விருந்தாளிகள் என்னைப் பார்ப்பார்கள், நான் தட்டைப் பார்ப்பேன். என் அப்பா என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவார். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டால், "ஒங்க வீட்டுல நெய்யி ஜாஸ்திம்மா, எனக்கு ஆகாது" என்பார். நாற்காலியில் முழுதாகச் சாய்ந்து உட்காரமாட்டார். உன் அப்பாவுக்கு இது எதுவுமே தெரியாது. மாமாவுக்கு வயிறு சரியில்லை என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் காலப்போக்கில் மண்டிக்காரர் வீட்டு அம்மாவாகிவிட்டேன். வேண்டுமென்று மறக்கவில்லை, வசதி பழகிவிட்டது.

இப்போது அந்த ஏலத்துக்கு வருகிறேன். ஸ்தோத்திரப் பண்டிகை என்றால் உனக்குச் சின்ன வயதிலிருந்தே ஏலம்தான். அவரவர் வீட்டில் விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவந்து கோயிலில் வைப்பதும், ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் அதை ஏலம் விட்டுப் பணத்தைச் சபைக்குச் சேர்ப்பதும் நீ பிறப்பதற்கு முன்பிருந்தே நடப்பது. அதில் யாரும் எழுதி வைக்காத ஒரு வழக்கம் இருப்பதை நீ கவனித்ததே இல்லை. இல்லாதவர்கள் வைத்த பொருளுக்கு இருக்கிறவர்கள் சந்தை விலைக்குமேல் கொஞ்சம் கூட்டிக் கேட்டு எடுத்துக்கொள்வார்கள், அதற்குமேல் ஏற்றமாட்டார்கள். மல்லுக்கட்ட வேண்டுமென்றால் தங்களுக்குள் கட்டிக்கொள்வார்கள். புளியங்குடி மாமா கொண்டுவருகிற எலுமிச்சை மூட்டைக்கு உன் அப்பாவும் மற்ற மண்டிக்காரர்களும் வருஷாவருஷம் வீம்புக்கு ஏற்றிக்கொண்டே போவார்களே, அது மாதிரி. அந்த வீம்பு எலுமிச்சை மூட்டையோடு நின்றுவிடும். இல்லாத ஒருவர் வைத்த முருங்கைக்காய்க் கட்டுக்கோ முட்டைக்கோ வராது. உன் அப்பாவுக்கு இது தெரியும், ஆனால் யாரும் சொல்லிக்கொடுத்துத் தெரிந்ததில்லை. அதனால் உனக்கும் அவர் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஞானமுத்து வீட்டுக் கூரையில் படர்ந்த கொடியில் காய்த்த சுரைக்காய் அது. நல்ல திரட்சியான காய், பூ விழுந்த தழும்புகூட இன்னும் வாடவில்லை. ஏலம் விட்ட சபைச் செயலர் அதைத் தூக்கிக் காட்டியதும் நீ உன் விலையைச் சொன்னாய். நியாயமான விலைதான். அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் உன் சித்தப்பா மகன் பாபு உன்னைச் சீண்டுவதற்காக அதற்குமேல் கேட்டான். உன் மனசில் இருப்பது அவனுக்குத் தெரியும், நீதான் சொல்லியிருக்கிறாய். நீ ஏற்றினாய், அவன் ஏற்றினான். பையன்கள் கூடிவிட்டார்கள். யாரோ ஒருவன், "சுரைக்காய்க்கு மாப்பிள்ள வந்தாச்சுவே, வழி விடுங்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ஒரு தரம், ரெண்டு தரம் என்று செயலர் இழுத்து இழுத்துச் சொன்னார், அவருக்கும் சிரிப்பு. கொயர்ப் பிள்ளைகள் நின்ற பக்கம் எல்லாத் தலையும் திரும்பியது. ஒரு பவுன் வாங்கியிருக்கலாம் என்கிற விலையில் சுரைக்காய் உன் கைக்கு வந்தது. நீ அதைத் தோளில் வைத்துக்கொண்டு நின்ற நிலையை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது, உடனே நெஞ்சும் வலிக்கிறது.

ஞானமுத்து எழுந்து போனதை நான் பார்த்தேன். நீ பார்க்கவில்லை. ரெண்டு தரம் என்று சொல்லும்போதே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டைத் திறந்து போனார். மனுஷனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கண் கலங்கியிருக்கும், அதுதான் தனியாகப் போகிறார் என்று நினைத்தேன். என் மகன் ஒருவருடைய காய்க்கு அவ்வளவு மதிப்புக் கொடுத்தால் அவர் வேறெதற்காக எழுந்து போவார் என்பதுதான் அன்றைக்கு என் கணக்கு. வீட்டுக்கு வந்து அந்தச் சுரைக்காயைக் கூட்டு வைத்தேன். "இதத் தங்கத் தட்டுலல்லா சாப்புடணும்" என்று உன் அப்பா கேலி செய்தார். நீ மூன்று பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டாய். மறுநாள் மெட்ராசுக்கு ரயிலேறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நீ போய்ப் பேசு. நீ பேசினா யாரும் மாட்டேன்னு சொல்லமாட்டாங்க" என்றாய். நானும் அதை நம்பினேன்.

உடனே போய்விட்டேன் என்று நினைக்காதே. எனக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஊரில் என்ன பேசுவார்கள், கல்யாண போட்டோவில் புளியங்குடி அத்தைக்குப் பக்கத்தில் சாராள் அம்மாவை எப்படி நிறுத்துவது, வீட்டு விசேஷங்களுக்கு அவர்கள் ஆட்கள் எத்தனை பேர் வருவார்கள் என்றெல்லாம் யோசித்தேன். ஏழாவது சாப்டருக்கு அழுகிற அதே நான்தான். கடைசியில் என் மகனுக்குப் பிடித்திருக்கிறது, பெண் படித்த பெண், பனவடலிசத்திரத்தில் டீச்சர் வேலை பார்க்கிறாள், போதும் என்று முடிவு செய்தேன். முடிவு செய்ததும் மனசு லேசாகிவிட்டது. என்னுடைய பெருந்தன்மை எனக்கே ரொம்பப் பிடித்துப்போனது. ஞானமுத்துவை மண்டிக்கு வரச்சொல்லிப் பேசிவிடலாம் என்றார் உன் அப்பா. பெண் கேட்கிறவர்கள்தான் போக வேண்டும் என்று நான் அவரை அடக்கிவிட்டு, நல்ல சேலையைக் கட்டி, அது ரொம்பப் பகட்டாக இருக்கிறது என்று மாற்றி, வளையலைக் கழற்றி, மறுபடி போட்டு, ஒருவழியாகத் தறித்தெருவுக்கு நடந்து போனேன்.

ஞானமுத்து தறியில் இருந்தார். என்னைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை. "வாங்க டீச்சரம்மா, உக்காருங்க. இந்த முழத்த முடிச்சிட்டு வாரேன்" என்றார். சாராள் அம்மா ஸ்டூலைத் துடைத்துப் போட்டுவிட்டு, கடைக்குப் போய் ஒரு கலர் சோடா வாங்கி வந்து உடைத்துக் கொடுத்தாள். எனக்கு எப்போதும் போல, "வேண்டாம், இப்பத்தான் காப்பி குடிச்சேன்" என்று வாயில் வந்துவிட்டது. அவள் முகம் சுருங்கியதைப் பார்த்துவிட்டு வாங்கிக் குடித்தேன். தறிச் சத்தத்தில் பேசவும் முடியாது, பேசாமல் இருக்கவும் முடியாது. அவர் வேண்டுமென்றேதான் நெய்கிறார் என்பது எனக்குப் புரிய ஆரம்பித்தது. கடைசியில் இறங்கி வந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "கொடிய வெட்டிட்டேன்" என்றார். வாசலில் கூரையைப் பார்த்தேன், காய்ந்த இலைகள்தான் கிடந்தன.

"டீக்கடைக்குப் போனா, 'என்னவே, சுரைக்கா இன்னும் இருக்கா, எங்க வீட்டுலயும் பையன் இருக்கான்'னு கேக்கானுவ. எம்மவ பஸ்சுக்கு நிக்கும்போது அவ காதுபடக் கேக்கானுவ. ஆண்டவருக்குன்னு நான் வச்ச காயி அது டீச்சரம்மா. ஒங்க மவன் போட்ட வெல காய்க்கா?"

"அவன் சந்தோசத்துல செஞ்சது அண்ணாச்சி. சின்னப்பய புத்தி, தப்பா எடுத்துக்கிடாதீங்க" என்றேன்.

"சந்தோசம் அவருக்கு. ஏச்சு எங்களுக்கு."

அவரைப் பெரிய ஞானி என்று நினைத்துவிடாதே. அவருடைய கோபத்தில் கிறுக்குத்தனமும் இருக்கிறது. ஏலத்துக்குப் பிறகு அவர் கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரத்தில் வீட்டு நடையில் உட்கார்ந்து, தெருவே கேட்கிற மாதிரி தனி ஆளாகக் கீர்த்தனை பாடுகிறாராம். சுருதி எங்கேயோ போகிறது, இவர் எங்கேயோ போகிறார் என்று சாராள் அம்மாவே என்னிடம் முணுமுணுத்தாள். எனக்கும் கோபம் வந்துவிட்டது. மண்டிக்காரர் வீட்டு அம்மா தெருவில் நடந்து வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள், இவருக்கு இன்னும் என்ன வேண்டும் என்று தோன்றியது. "ஒரு சுரைக்காய்க்காக ரெண்டு பிள்ளைக வாழ்க்கையக் கெடுக்கப் போறீகளா? எங்களுக்கு ஒண்ணுமே வேண்டாம் அண்ணாச்சி. ஒங்க பிள்ளைய மட்டும் குடுங்க" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. அது அப்படியே என் மாமியார் சொன்ன வார்த்தை. குரல்கூட அவர் குரல்தான்.

"ஒண்ணுமே வேண்டாம்னு யாரு சொல்லச் சொன்னா?" என்று அவர் சத்தம் போட்டார். "எம்மவளுக்குன்னு பித்தளப் பான இருக்கு, குத்துவெளக்கு இருக்கு, அவ சம்பளத்துல எடுத்த சங்கிலி இருக்கு. குடுத்துத்தான் அனுப்புவேன். வேண்டாம்னு சொல்லுத வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்." சாராள் அம்மா, "மெல்லப் பேசுங்களேன்" என்று கெஞ்சினாள். அந்த நேரத்தில்தான் சாராள் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள், ஒரு கையில் குடை, ஒரு கையில் திருத்துவதற்குப் பிள்ளைகளுடைய நோட்டுகள். வாசலில் நின்று எங்கள் மூவரையும் பார்த்தாள். "டீச்சர், தெருமுக்கு வரைக்கும் நான் ஒங்ககூட வாரேன்" என்றாள். நானும் எழுந்தேன், உட்கார்ந்திருந்தால் இன்னும் ஏதாவது உளறியிருப்பேன்.

தெருவில் தறிக்கான நூலைப் பாவாக நீட்டிக் கஞ்சி போட்டிருந்தார்கள். அதன் ஓரமாக இரண்டு பேரும் நடந்தோம். எனக்குப் பொறுக்கவில்லை. "சாராள், அப்பா கோவம் இருக்கட்டும். ஒனக்கு இஷ்டமா இல்லையா, அத மட்டும் சொல்லு. நான் இன்னைக்கே மெட்ராசுக்கு ட்ரங்க் கால் போடுதேன்" என்றேன்.

"அத ஒங்ககிட்ட சொல்லமாட்டேன் டீச்சர்."

"எங்கிட்ட சொல்லாம யாருகிட்ட சொல்லப்போற?"

"கேக்க வேண்டியவர் கேட்டாச் சொல்லுவேன். அவரு பாபு அண்ணன்கிட்ட சொல்லியிருக்காரு. ஏலத்துல ஊருக்கே சொல்லிட்டாரு. அவங்க அப்பா, மண்டி முதலாளிகிட்டயும் ஒங்ககிட்டயும் சொல்லி அனுப்பியிருக்காரு. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. கொயர்ல பக்கத்துல பக்கத்துலதான் நின்னோம், ஒரே பாட்டுப் புஸ்தகத்தப் பாத்துத்தான் பாடுனோம். அப்பல்லாம் கேட்டிருக்கலாம். நான் சரின்னுதான் சொல்லுவேன்னு அவருக்கு யாரு சொன்னா?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது, அழவில்லை. அத்தனை நாள் நடந்து நடந்து நான் யோசித்ததெல்லாம், நான் சம்மதிப்பேனா, உன் அப்பா சம்மதிப்பாரா, ஊர் ஒத்துக்கொள்ளுமா என்பதைத்தான். சாராள் சம்மதிப்பாளா என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அந்த நாவலிலும் அப்படித்தான், இப்போது எடுத்துப் பார்த்தேன். வாரிசு தன் அம்மாவிடம் கேட்கிறான், பாதிரியாரிடம் கேட்கிறான், ஓடக்காரனிடமும் கேட்கிறான். அந்தப் பெண் துடுப்புப் போட்டுக்கொண்டே இருக்கிறாள். அவளிடம் கேட்கிற பக்கமே இல்லை. நான் நடத்தியது சுருக்கிய புத்தகம், சுருக்கினவர் வெட்டிவிட்டாரோ என்று பார்த்தால், நான் காலேஜில் படித்த முழுப் புத்தகத்திலும் இல்லை.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் காதைக் குடைந்துகொண்டிருந்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு? ஒன் கதையில ஒரு பெரியப்பா செத்து எல்லாம் சரியாச்சுல்லா. இங்கன நாமளே அந்தப் பெரியப்பாவா இருந்துட்டாப் போச்சு" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஞானமுத்து பெயரில் நாலைந்து பவர்லூம் போட்டுக் கொடுத்துவிடுவது, ஒரு வருஷம் போனால் தறிப் பட்டறை முதலாளி மகளைக் கட்டியதாக ஊர் பேசும், கூலித் தறிக்காரன் என்கிற பேச்சே இருக்காது, ஞானமுத்துவுக்கும் மரியாதை, நமக்கும் மரியாதை என்று விளக்கினார். உன் அப்பாவின் மனசு கெட்ட மனசு இல்லை. யாருக்காவது கஷ்டம் என்றால் அவருக்கு உடனே கை சட்டைப் பைக்குத்தான் போகும். அவர் அப்பாவுக்கும் அப்படித்தான் போனது. உனக்கும் அன்றைக்கு ஏலத்தில் அப்படித்தான் போனது. அன்பு வந்தால் விலை சொல்லத்தான் இந்த வீட்டு ஆண்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு நிமிஷம் எனக்கும் அந்த யோசனை நல்லதாகத்தான் பட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு சுலபம் பார், யாரும் யாரிடமும் போய் நிற்க வேண்டாம்.

இப்போது உன் அப்பா ராஜபாளையத்தில் தறி மெஷின் பார்க்கச் சொல்லி ஆளிடம் சொல்லிவிட்டார். நீ வந்து போகிற வரைக்கும் ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது என்று அவரிடம் சண்டை போட்டு நிறுத்தி வைத்திருக்கிறேன். நிற்பார் என்று உறுதியாகச் சொல்லமுடியாது, நல்லது செய்ய வேண்டும் என்று தோன்றிவிட்டால் அவரைப் பிடித்து வைப்பது கஷ்டம். அந்தத் தறிகள் வந்து இறங்கிவிட்டால் சாராளால் உன்னிடம் சரி என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. சரி என்றால் தறிக்காகச் சொன்னாள் என்பார்கள், இல்லை என்றால் நன்றிகெட்டவள் என்பார்கள். அதற்குள் நீ வர வேண்டும். லீவு கிடைக்காது, ஆபீசில் ஆள் இல்லை என்றெல்லாம் எழுதாதே. இந்தச் சனிக்கிழமை ரயிலேறு.

எனக்கு அந்தப் பெண் வேண்டும், செல்வின். நீ கேட்டதற்காக இல்லை, இப்போது எனக்கே வேண்டும். அவளைப் பார்த்தால் எனக்குப் பயமாகவும் இருக்கிறது. என் வீட்டில் என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டால் என்னென்ன கேட்பாளோ என்று நினைக்கிறேன், அந்தக் கேள்விகளை இந்த வீட்டில் யாராவது கேட்கட்டும் என்றும் நினைக்கிறேன். அதனால்தான் தறித்தெருவுக்கு மறுபடி ஓடிப்போய், உன் சார்பாக மன்னிப்புக் கேட்டு, அழுது, எப்படியாவது ஒரு சரியை வாங்கிவிடலாம் என்று காலும் மனசும் பரபரக்கிறது. போக மாட்டேன். டீச்சரம்மா அழுதால் அந்த வீட்டில் யாரும் மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

நீ வந்தால் தனியாகப் போ. காரை எடுக்காதே, பாபுவைக் கூட்டிக்கொண்டு போகாதே, கையில் எதையும் வாங்கிக்கொண்டு போகாதே. முதலில் ஞானமுத்துவிடம், ஏலத்தில் செய்தது தப்பு என்று சொல். அவர் தறியை நிறுத்தாமல் இருப்பார், நிறுத்துகிற வரைக்கும் நில். ஏசுவார், கேட்டுக்கொள். பிறகு அவளிடம் கேள். அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது, உன்னைப் பிடிக்குமா என்றுகூட எனக்குத் தெரியாது, முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. இல்லை என்று சொன்னாளானால் ஏன் என்று வாதாடாமல் திரும்பி வா. வந்து மறுபடியும், அம்மா நீ போய்ப் பேசு என்று என்னிடம் சொல்லாதே. கேட்டதெல்லாம் கேட்பதற்கு முன்பே கிடைத்து வளர்ந்த பிள்ளை நீ, அப்படித்தான் உன்னை வளர்த்தோம். கிடைக்காமல் போகலாம் என்று தெரிந்துகொண்டே ஒருத்தி முன்னால் போய் நின்று கேட்பது உனக்கு இதுதான் முதல் தடவை. பயமாக இருக்கும். அந்தப் பயத்தோடேயே போய்க் கேள்.

உன்
அம்மா